காடியும் கேமரன் மலைத் தேயிலையும்

பேரா மாநிலத்தின் தாப்பா நகரிலிருந்து புறப்படும் மலைப்பாதை, வளைந்து வளைந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மேலேறித் தானா ராத்தாவை அடைகின்றது. அடிவாரத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியேறியவர் மேலே சென்றதும் போர்வையைத் தேடுவர். தூய அசெட்டிக் அமிலம் நிரம்பிய புட்டி ஒன்றை அதே வழியில் கொண்டு செல்வதாக வைத்துக்கொள்வோமாயின், அதன் நிலையும் அத்தகையதே. தாப்பாவில் அது என்றும் நீர்மமாகவே இருக்கும். கேமரன் மலையின் இரவில் வெப்பம் 15, 16 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவது இயல்பு, அவ்வமிலமோ 16.6 பாகையிலேயே பனிக்கட்டிபோல் உறையத் தொடங்குவது. நீர் உறைய இன்னும் பதினாறு பாகை குளிர வேண்டியிருக்க, அதே குளிரில் இவ்வமிலம் கண்ணாடிப் படிகமாக நிற்கும். 1789ஆம் ஆண்டில் உருசிய நாட்டில் ஆய்வு செய்த லோவிட்ஸ் என்னும் வேதியியலார், நீர் கலவாத அமிலத்தை இவ்வாறு படிகமாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். 'பனி அசெட்டிக் அமிலம்' என்று வணிகர் அதனை அழைப்பதன் காரணம் இதுவே.

தேயிலைத் தோட்டத்திற்கும் இந்த அமிலத்திற்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுதல் இயற்கை. தேயிலை ஆலைக்குள் அமிலப் புட்டிக்கு இடமே இல்லை. ஆயினும், கேமரன் மலையில் தேயிலையை நட்டவர்களின் முதலும், அம்மலைக்குக் கீழே இருந்த தமிழர்களின் உழைப்பும், பின்னாளில் தோட்டங்களின் புல்லைக் கருக்கிய மருந்துகளும் இந்த அமிலத்தோடும் அதன் சுற்றத்தோடும் பின்னிக் கிடக்கின்றன. மலாயாத் தமிழரின் தோட்ட வாழ்வை விலையையும் கூலியையும் கொண்டு எழுதியவர் பலர். அவர்தம் கைகள் நாள்தோறும் தொட்ட பொருள்களைக் கொண்டு எழுதியவர் சிலரே.

அசெட்டிக் என்னும் பெயர் இலத்தீன் வழி வந்தது. அம்மொழியில் 'அசெட்டம்' என்றால் காடி. எத்தனாயிக் அமிலம் என்று இக்காலப் பாடநூல்கள் கூறுவதும் இதனையே. தமிழுக்குக் காடி புதிய பொருளன்று. புளித்த கஞ்சியின் தெளிவையும், புளித்த கள்ளிலிருந்து கிடைக்கும் புளிநீரையும் அச்சொல் குறித்தது. பாடாணங்களையும் உலோகங்களையும் தூய்மை செய்யச் சித்த மருத்துவர் காடியைக் கையாண்டனர். கள் இனித்துப் பொங்கி வெறியேறி, பிறகு குடிக்க இயலாத புளிப்பாக மாறுவதைத் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குச் சென்ற எவரும் அறிவர். அம்மாற்றத்தைச் செய்வது ஒரு நுண்ணுயிர் என்பதை 1864இல் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் விளக்கினார். வெறியம் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து அசெட்டிக் அமிலம் ஆகின்றது. அந்நுண்ணுயிர் அதற்குத் துணை நிற்கின்றது. வீட்டில் ஊறுகாய்க்கு ஊற்றும் காடியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கே அமிலம். தூய அமிலமோ தோலைப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும். உணவாவதும் நஞ்சாவதும் அளவினாலேயே.

இனி, ரப்பரை நோக்கலாம். கேமரன் மலைத் தேயிலையின் கதை அங்கிருந்தே தொடங்குகின்றது.

அமேசான் காட்டில் ரப்பர்ப் பால் எடுத்தவர்கள், பனைவகைக் கொட்டைகளைப் புகையவிட்டு அப்புகையில் பாலைக் காட்டிக் காட்டி உருண்டையாக்கினர். அப்புகையிலும் அசெட்டிக் அமிலம் உண்டு என்பது பிற்கால ஆய்வாளர் கண்ட உண்மை. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளிலிருந்து மலாயாவில் ரப்பர் பெருகியபோது, காட்டுப் புகை முறை தோட்டத்துக்கு ஏற்றதாக இல்லை. பால் கசியும் மரங்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்றன. அன்றன்று வெட்டிய பால் அன்றே ஒரே தரத்தில் உறைய வேண்டியிருந்தது. இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் 1898, 1899ஆம் ஆண்டுகளில் ஜான் பார்க்கின் என்னும் ஆய்வாளர், நீர் கலந்த அசெட்டிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்துப் பாலை உறையவைக்கும் முறையை ஆராய்ந்து பரிந்துரைத்தார். தோட்ட ரப்பரின் தொழில்முறைக்கு அதுவே அடிப்படை.

அதன் இயக்கம் எளிது. ரப்பர்ப் பாலில் ரப்பர், கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதக்கின்றது. ஒவ்வொரு துளியையும் புரதப் படலம் ஒன்று சூழ்ந்துள்ளது. அப்படலம் எதிர்மின் ஏற்றம் உடையதாதலால் ஒரு துளி மற்றொன்றை விலக்கி நிற்கும். அமிலம் சேர்ந்ததும் அவ்வேற்றம் தணிகின்றது. விலகி நின்றவை ஒட்டிக்கொள்கின்றன. வெண்ணிறக் கட்டியொன்று தொட்டியில் திரள்கின்றது. தமிழ்ப் பெண்டிர் மாட்டுப் பாலுக்குப் பிரைமோர் ஊற்றியபோது நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. மரத்தின் நீரைப் பால் என்றும், மரத்தைப் பால்மரம் என்றும், தானே உறைந்ததை ஒட்டுப்பால், கட்டிப்பால் என்றும் தமிழர் பெயரிட்டது வெறும் நிற ஒப்புமையால் மட்டும் அன்று போலும். கட்டிப்பாலின் முடைநாற்றம் தோட்டத்தில் வளர்ந்த எவரும் மறவாதது. நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையையும் புரதத்தையும் சிதைப்பதால் அந்நாற்றம் எழுகின்றது. அச்சிதைவில் பிறக்கும் அமிலங்களுள் அசெட்டிக் அமிலமும் ஒன்று. ஆகவே, அமிலம் ஊற்றாவிடினும் பால் தானே தனக்குக் காடி செய்துகொள்ளும். ஆனால், அது நேரம் பிந்தும், தரம் குன்றும்.

விடியற்காலைப் பிரட்டு முடிந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைச் சுமந்து வந்தவர்கள், நிறுவைக்குப்பின் பாலை ஸ்டோரில் ஊற்றினர். அங்கே வடித்து, நீர் கலந்து, அமிலம் அளந்து ஊற்றி, தொட்டியில் தகடுகளைச் செருகினர். மறுநாள் அக்கட்டிகள் உருளைகளில் நசுங்கித் தாள்களாகிப் புகைக்கூண்டுக்குச் சென்றன. இலண்டன் சந்தையில் விலைபோன தாள் ஒவ்வொன்றும் ஒரு கரண்டி அமிலத்தின் கணக்கைச் சுமந்தது எனலாம். அளவு மிகுந்தால் ரப்பர் கெடும், பணம் வீணாகும். குறைந்தால் தொட்டி நீர் வெண்மையாகவே நிற்கும், ரப்பர் வீணாகும். இவ்வளவு நுட்பத்தைக் கற்றுக்கொண்டவர்களைத்தான் அக்கால அறிக்கைகள் 'பயிற்சியற்ற தொழிலாளர்' என்று பதிந்தன.

அவ்வமிலம் கடல் கடந்து வந்தது. முதல் உலகப் போரின்போது அதற்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. காரணம் விந்தையானது. பீரங்கிக்கான கார்டைட் வெடிமருந்து செய்ய அசெட்டோன் என்னும் கரைப்பான் வேண்டும். அக்காலத்தில் அசெட்டோனைப் பெறும் வழி, மரத்தைக் காற்றின்றிக் காய்ச்சி வடித்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து, அக்கால்சியம் அசெட்டேட்டை மீண்டும் சூடாக்குவதாகும். ஐரோப்பாவின் போர்க்களம் கேட்ட அதே பொருளை மலாயாவின் பால் தொட்டியும் கேட்டது. சைம் வைஸ்மன் என்னும் வேதியியலார் 1915 அளவில் தானியத்தைப் புளிக்கவைத்து அசெட்டோன் எடுக்கும் முறையைக் கண்டு இங்கிலாந்தின் தேவையைத் தணித்தார். பின்னாளில் அவரே இசுரேல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். இலங்கையோ இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தேங்காய்ச் சிரட்டையைக் காய்ச்சி அசெட்டிக் அமிலம் எடுக்க அரசு ஆலை ஒன்றையே நிறுவியது. இடையில், எறும்பின் கடுப்புக்குக் காரணமான பார்மிக் அமிலம் மலிவாகக் கிடைக்கலாயிற்று. குறைந்த அளவே போதும் என்பதால் அது அசெட்டிக் அமிலத்தின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. உறவு முறையில் இது அசெட்டிக் அமிலத்திற்கு இளையது. ஒரு கார்பன் அணு குறைந்தது. தோட்டத்து நாவில் இரண்டும் 'ஆசிட்' என்ற ஒரே பெயரில் அடங்கின.

ரப்பரால் செழித்தவர்களுள் ஒருவர் ஜே. ஏ. ரசல். சிலாங்கூர் அரசாங்க அச்சகத்தின் தலைவராக இருந்தவரின் மகன். ஈயம், ரப்பர், பத்து ஆராங் நிலக்கரி எனப் பல தொழில்களில் கைவைத்தவர். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம், நாற்பது ஆண்டுகள் ஏறக்குறைய மறந்த நிலையில் கிடந்து, 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் சென்று பார்த்தபின் மலைவாழிடமாக வளரத் தொடங்கியது. அங்கு ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். அதே ஆண்டில் உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. ரப்பர் விலை சரிந்து 1932இல் அடிமட்டத்தைத் தொட்டது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். ஒரே பயிரை நம்பிய நாட்டில் வேறொரு பயிரை நாடியது ரசலின் துணிவு. 1933இல் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தேயிலைத் தோட்டமும் அம்மலையில் கால்கொண்டது.

கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையும் ஏறிய அம்மலைச் சரிவில் காட்டை அழித்து, கன்று நட்டு, களை பறித்தவர்களுள் தமிழரே முதன்மையானவர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை மலாயாவுக்குத் தடைசெய்தபின், புதிய ஆள்வரவு பெரிதும் நின்றது. உள்நாட்டிலேயே தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர்கள் எஞ்சினர். தாழ்நிலத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து மலைக்கு ஏறிய குடும்பம் கண்ட மாற்றம் குளிர் ஒன்று மட்டும் அன்று. அங்கே பால் இல்லை, தொட்டி இல்லை, ஆசிட் புட்டி இல்லை.

தேயிலை ஆலையில் நடப்பது வேறு. கொய்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவர். வாடியதை உருட்டி நசுக்கும்போது இலையின் உள்ளறைகள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த கசப்புப் பொருளும் நொதியும் கலந்து, காற்றின் உயிர்வளியை ஏற்கின்றன. பச்சை இலை செப்பு நிறமாகின்றது. புல் மணம் போய்த் தேயிலை மணம் எழுகின்றது. உரிய நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி அதனை நிறுத்திவிடுவர். இதனைத் தோட்டத் துரைமார் ஆங்கிலத்தில் புளித்தலைக் குறிக்கும் சொல்லாலேயே அழைத்தனர். தமிழ் நூல்களும் அவ்வழியே 'புளிக்கவைத்தல்', 'நொதிக்கவைத்தல்' என்று எழுதிவிட்டன. உண்மையில் இங்குப் புளிப்பு ஏதும் இல்லை. கள்ளைக் காடியாக்கும் நுண்ணுயிர் இங்கு வேலை செய்வதில்லை; செய்தால் அது பிழை. தரையும் தட்டும் தூய்மையாக இல்லாவிடில் நுண்ணுயிர் புகுந்து இலை புளித்த வாடையைப் பெறும். தேயிலைச் சுவைஞர் ஒரே மிடற்றில் அதனைக் கண்டு ஒதுக்கிவிடுவர். எனவேதான் உருட்டும் கூடத்தை ஓயாது கழுவுகின்றனர். ரப்பர் ஸ்டோர் காடியை வேண்டி நின்றது. தேயிலை ஆலை காடியை அஞ்சி நிற்கின்றது. மொழியாசிரியர்கள் கருதத்தக்கது ஒன்று: ஒரு சொல் பிழையாகப் பெயர்க்கப்பட்டால் மாணவன் நெஞ்சில் ஒரு தொழிலே பிழையாகப் பதிந்துவிடும். 'உயிர்வளியேற்றம்' என்பதே இதற்கு ஏற்ற சொல்.

ஆயினும், காடியின் சுற்றத்தார் தேயிலைத் தோட்டத்திற்குள் வேறொரு வாயில் வழியே நுழைந்தனர்.

செடியின் நுனியில் தோன்றி அதன் வளர்ச்சியை ஆளும் பொருள் ஒன்று உண்டு என்று தாவரவியலார் நெடுநாள் ஐயுற்றனர். 1930களின் நடுவில் அது இண்டோல் அசெட்டிக் அமிலம் என்று தெளிவாயிற்று. பெயரின் பின்பாதியே அதன் குடிவழியைச் சொல்லும். அசெட்டிக் அமிலத்தின் ஓர் ஹைட்ரஜன் நின்ற இடத்தில் வேறொரு வளையம் வந்து அமர்ந்தால் அது உருவாகின்றது. வெட்டிய தண்டில் வேர் விடச் செய்யும் ஆற்றல் அதற்கும் அதனை ஒத்த செயற்கைப் பொருள்களுக்கும் உண்டு. போ தோட்டத்தின் பழைய செடிகள் விதையிலிருந்து வளர்ந்தவை. பின்னாளில், சிறந்த தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையோடு கூடிய துண்டை நறுக்கி நாற்றங்காலில் வேர்விடச் செய்யும் முறை தேயிலை நாடுகள் எங்கும் பரவிற்று. இலங்கையில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அதில் முன்னின்றது. பெரும்பாலான துண்டுகள் தாமே வேர்விடும். அடம்பிடிக்கும் வகைகளுக்கு இச்சுற்றத்தின் வேர்த்தூள் உதவும். மிகச் சிறிய அளவில் அது வளர்ப்பது.

பேரளவில் என்னவாகும்? இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மறைவாக நடந்த ஆய்வுகள் இவ்வினாவுக்கு விடை கண்டன. 2,4–டி என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் டைகுளோரோ பீனாக்சி அசெட்டிக் அமிலம், அகன்ற இலைக் களைகளுக்கு மிகையான வளர்ச்சியைத் தூண்டி, அவ்வளர்ச்சியாலேயே அவற்றைக் கொன்றது; புல்லினத்தை ஏறக்குறைய விட்டுவைத்தது. போர் முடிந்ததும் அது கடைக்கு வந்தது. அதன் உடன்பிறப்பு 2,4,5–டி. இவற்றைச் செய்யும் ஆலைகளுக்கு மூலப்பொருள்களுள் ஒன்று, காடியமிலத்தில் குளோரினைச் சேர்த்துப் பெறும் குளோரோ அசெட்டிக் அமிலம்.

இங்கு ஒரு வரலாற்று இழையை விட்டுவிட இயலாது. 1839 அளவில் பிரெஞ்சு வேதியியலார் தூமா, அசெட்டிக் அமிலத்தைக் கதிரொளியில் குளோரினோடு சேர்த்து, மூன்று ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தில் மூன்று குளோரின் அணுக்கள் அமர்ந்த டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைப் பெற்றார். 1845இல் ஜெர்மானியர் கோல்பெ எதிர்வழியில் நடந்து, உயிர்ப்பொருள் ஏதுமின்றிக் கார்பன் சேர்மத்திலிருந்து அதே டிரைகுளோரோ அமிலத்தையும், அதிலிருந்து அசெட்டிக் அமிலத்தையும் செய்து காட்டினார். உயிரின் ஆற்றல் இன்றிக் கரிமப் பொருள் பிறவாது என்னும் பழங்கொள்கை தளர்வதற்கு அதுவும் காரணமாயிற்று. பாடநூலில் இவ்விரு பெயர்களையும் மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு, அவ்வமிலத்தின் உப்பு தம் நாட்டின் காட்டின்மேல் பொழிந்தது என்னும் செய்தி எட்டுவதில்லை.

1948 சூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைப்பாதையின் வளைவொன்றில் பதுங்கியிருந்தோர் உயர் ஆணையர் ஹென்றி கர்னியைச் சுட்டுக் கொன்றனர். சாலையோரப் புதர் ஒவ்வொன்றும் ஐயத்துக்குரியதாயிற்று. 1952 சூன் முதல் அக்டோபர் வரை, பதுங்குவதற்கு ஏற்ற சாலையோரங்களில் 1,250 ஏக்கர் பரப்பில் இலையுதிர்க்கும் மருந்து அடிக்கப்பட்டது. ஆட்களைக் கொண்டு வெட்டுவதே மலிவு என்று கண்டு அதனை நிறுத்தினர். ஆனால், 1953 பிப்ரவரியில் ஜெரால்டு டெம்பிளரின் ஆட்சியில் அது மீண்டும் தொடங்கியது. இம்முறை இலக்கு புதர் அன்று, உணவு. காட்டுள் கிளர்ச்சியாளர் பயிரிட்ட வள்ளிக்கிழங்கு, சோளம் ஆகியவற்றின்மீது, சோடியம் டிரைகுளோரோ அசெட்டேட்டும், 2,4,5–டியைக் கொண்ட டிரையாக்சோன் என்னும் மருந்தும் வானூர்திகளிலிருந்து தெளிக்கப்பட்டன. கேமரன் மலையைச் சூழ்ந்த காடுகளில் புனம் வெட்டிக் கிழங்கு நட்டு வாழ்ந்தவர் பழங்குடியினரும் ஆவர். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒரு கிழங்குக் கொல்லை யாருடையது என்று தெரியாது. கீழே, மலையின் சீனக் குடியானவர்களோ முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் அடைபட்டனர்.

மலாயாவின் இம்முன்னோடியை அமெரிக்க ஆட்சியாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். 1962 முதல் 1971 வரை வியட்நாமில் பொழிந்த ஆரஞ்சு மருந்து, 2,4–டியும் 2,4,5–டியும் சமமாகக் கலந்ததே. பின்னதில் மாசாகக் கலந்திருந்த டையாக்சின் விளைத்த கேட்டை உலகம் அறியும்.

தோட்டங்களில் புல்லை அழித்த பொருள்களின் வரிசை தனி வரலாறு. முதலில் மண்வெட்டியும் கையும், அடுத்து லாலான் புல்லின்மேல் சோடியம் ஆர்செனைட் என்னும் பாடாணம், போருக்குப்பின் காடிச் சுற்றத்தின் மருந்துகள், 1960களிலிருந்து பாராகுவாட், 1970களிலிருந்து கிளைபோசேட். பாராகுவாட் இச்சுற்றத்தைச் சேர்ந்ததன்று. கிளைபோசேட்டோ அமினோ அசெட்டிக் அமிலமாகிய கிளைசினின் வழித்தோன்றல். அவ்வகையில் அதுவும் காடிக்குப் பெயர்த்தி முறையே.

இவை அனைத்தையும் தோட்டத் தமிழர் ஒரே சொல்லால் குறித்தனர்: மருந்து. களை கொல்வது மருந்து, பூச்சி கொல்வது மருந்து, காய்ச்சலுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊற்றுவதும் மருந்து. 'மருந்தடிக்கப் போகிறேன்' என்று கூறி முதுகில் பம்பைச் சுமந்து சென்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அச்சொல் அவர்களை ஏமாற்றியது என்று கூறின் மிகையாகாது. ஆசிட் என்றால் கை பின்வாங்கும். நஞ்சு என்றால் நெஞ்சு நடுங்கும். மருந்து என்றால் குழந்தையைத் தூக்குமுன் கை கழுவ வேண்டும் என்ற நினைவும் வாராது. முன்னாளில் அமிலம் ஊற்றிய ஸ்டோர்க்காரர், அது சுட்ட சூட்டினாலேயே அதன் இயல்பை அறிந்தார். புல் மருந்தோ உடனே சுடாது. தோலில் ஊறும், மூச்சில் நுழையும், நாள் சென்று காட்டும். ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு, மேற்குக் கரைத் தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் உடல்நலக் கேட்டை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தது. அவ்வாண்டிலேயே பாராகுவாட்டைத் தடுக்க அரசு முடிவெடுத்தது; 2006இல் அத்தடை தளர்ந்தது; 2020 சனவரி முதல் நாளிலேயே முழுத் தடை நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளை ஏட்டில் கூட்டுவது எளிது.

1974இல் மலேசியாவில் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியில் மருந்துப் புட்டிகளின் மேல்தாளில் எச்சரிக்கை அச்சாகின்றது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அங்கு இடம்பெறுகின்றது. மண்டை ஓட்டின் படத்திற்கு அருகே பொடி எழுத்தில் 'நச்சு' என்ற சொல்லைக் காணும்போது, தோட்டத்து நாவில் நெடுங்காலம் 'மருந்து' என்றே வழங்கியது புட்டியின்மேல் தன் உண்மைப் பெயரைப் பெற்றிருப்பதை உணரலாம். அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளே.

கேமரன் மலையின் சரிவுகளில் இன்று கத்தரிகளும் இருவர் பிடித்து நடக்கும் பொறிகளும் கொழுந்து வெட்டுகின்றன. பழைய லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் சில இன்னும் உள்ளன. பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டனர். தோட்ட வேலைக்கு இப்போது மலையேறுவோருள் பலர் வங்காள தேசத்தினர், நேபாளியர், இந்தோனேசியர். புட்டியின்மேல் உள்ள நான்கு மொழிகளில் வங்கமும் இல்லை, நேபாளியும் இல்லை.